சத்தியாகிரகமும் திறக்காத வன்தட்டும்

முத்துப்பேட்டையிலிருந்து கிழக்கே போனால் வேதாரண்யம். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பு அள்ளிய ஊர். அந்தப் போராட்டத்தின் பெயர் 78 ஆண்டுகள் கழித்து ஒரு கணினி விவகாரத்தில், அதுவும் பிரேசிலில், தலைகாட்டியது என்றால் நம்ப முடிகிறதா?

2008 ஜூலையில் பிரேசில் போலீஸ் ஒரு நிதி மோசடிப் புகாரில் 'சத்தியாகிரகா' என்ற பெயரில் சோதனைகள் நடத்தியது. வங்கி அதிபர் டேனியல் டான்டாஸின் ரியோ வீட்டில் ஐந்து வன்தட்டுகள் சிக்கின. எல்லாமே மறையாக்கம் செய்யப்பட்டவை. அதற்குப் பயன்பட்ட மென்பொருட்களில் ஒன்று ட்ரூகிரிப்ட். 2004இல் வெளிவந்த இதை அன்று யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்!

பிரேசிலின் தடயவியல் நிபுணர்கள் ஐந்து மாதம் முயன்றார்கள். முடியவில்லை. 2009இல் வன்தட்டுகள் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.க்குப் போயின. அங்கே ஓராண்டு காலம், அகராதிச் சொற்களைச் சேர்த்துச் சேர்த்துக் கடவுச்சொல்லாகப் போட்டுப் பார்த்தார்கள். 2010 ஏப்ரலில் திறக்காமலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சோதனைகளில் திரட்டிய ஆதாரங்களே செல்லாது என்று 2011இல் பிரேசில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது தனிக்கதை.

ஏன் திறக்கவில்லை? 256 பிட் சாவி என்றால், இருக்கக்கூடிய சாவிகளின் எண்ணிக்கையே 78 இலக்கங்கள் கொண்டது. அத்தனையையும் போட்டுப் பார்க்க எந்தக் கணினிக்கும் ஆயுள் போதாது. அதனால் பூட்டை யாரும் உடைப்பதில்லை, சாவியைத்தான் தேடுகிறார்கள். கடவுச்சொல் எளிதாக இருந்தால் ஊகிக்கலாம். கணினி அணைக்கப்படாமல் இருந்தால் சாவி அதன் நினைவகத்தில் இருக்கும். மின்சாரம் நின்ற பிறகும் அது சில நொடிகள், நன்றாகக் குளிர வைத்தால் சில நிமிடங்கள்கூட அங்கே தங்கும் என்று 2008இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். இவை எதுவும் இல்லையென்றால் மனிதரிடம்தான் கேட்க வேண்டும்.

அங்கேதான் சட்டம் வருகிறது. நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 69ஆம் பிரிவில், மறையாக்கத்தை நீக்க உதவ மறுப்பவருக்கு 7 ஆண்டு வரை சிறை என்கிறது. அரசியல் சாசனத்தின் 20(3) பிரிவோ, குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. கடவுச்சொல்லைக் கேட்பது சாட்சி சொல்ல வைப்பதாகாது என்றது கர்நாடக உயர் நீதிமன்றம் (2021). ஆகும் என்றது டெல்லியின் சிபிஐ சிறப்பு நீதிமன்றம் (2022).

எந்த வழக்கிலும் சிக்காத சாதாரண மனிதருக்கும் கணக்கு ஒன்றுதான். 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்த பிட்லாக்கர், 48 இலக்க மீட்பு எண் ஒன்றைத் தருகிறது. கடவுச்சொல் மறந்து, அந்த எண்ணுக்கும் எங்கும் நகல் இல்லையென்றால், பிள்ளையின் முதல் பிறந்தநாள் படமும் போனதுதான்.

எண்ணைத் தாளில் எழுதி, கணினி இருக்கும் அதே வீட்டில் வைத்தால் போதுமா? 2018 நவம்பர் 16 அதிகாலையில் முத்துப்பேட்டைப் பக்கம் கூரைகளைப் பிய்த்தெறிந்த கஜா புயலைப் பார்த்தவர்கள் போதும் என்று சொல்ல மாட்டார்கள். ஒரு நகல் வேறு ஊரில், நம்பிக்கையான சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். எஃப்.பி.ஐ.யால் ஓராண்டில் முடியாததை அந்த ஒரு தாள் ஒரு நிமிடத்தில் செய்துவிடும்.