கோணி

கோணி என்பது துணியா, பையா? மளிகைக் கடைக்காரரைக் கேட்டால் பை என்பார். அதைத் தைக்கிறவரைக் கேட்டால் துணி என்பார். இரண்டும் சரிதான். முரட்டு நாரில் நெய்த துணிக்கும், அதை மடித்துத் தைத்துப் பண்டம் கட்டும் மூட்டைக்கும் ஒரே பெயர் வழங்குகிறது.

கோணலாக இருப்பதனால் கோணி என்று சொல்லிவிட நமக்கெல்லாம் ஆசை வரும். காதுக்கு இனிய விளக்கந்தான், ஆனால் நிற்காது. வடமொழியில் 'கோணீ' என்ற சொல் மிகப் பழமையானது. கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் இருந்த பாணினி, பண்டம் கொட்டிவைக்கும் பை என்ற பொருளில் அது 'கோணீ' என்று வரும், மற்றப் பொருளில் 'கோணா' என்று வரும் என இலக்கணம் செய்தார். இன்னொரு சூத்திரத்துக்கு உரைகாரர்கள் தரும் உதாரணம் 'பஞ்சகோணி'. ஐந்து கோணி கொடுத்து வாங்கிய பொருள் என்பது அதன் அர்த்தம். ஆகவே, அந்த நாளிலேயே கோணி பையாக மட்டும் இல்லை. அளவாகவும் விலையாகவும் இருந்திருக்கிறது.

மாட்டின் முதுகில் இருபுறமும் பொதி தொங்கவிட்டு உப்பும் தானியமும் ஊர் ஊராகப் போன காலத்தில், கோணி இல்லாமல் வியாபாரமே இல்லை. தென்னாட்டு ஜாதிகளைப் பற்றி 1909-ல் ஏழு தொகுதிகள் வெளியிட்ட தர்ஸ்டன், கன்னட நாட்டில் சாக்கு நெய்தவர்களுக்குக் 'கோணிகர்' என்றே பெயர் இருந்ததைக் குறித்திருக்கிறார். செய்த பொருளே செய்தவனுக்குப் பெயராயிற்று.

வியாபாரத்துக்கு வந்த ஆங்கிலேயர் மூட்டையோடு பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். 1711-ல் சார்லஸ் லாக்யர் எழுதிய இந்திய வியாபார நூலிலேயே சர்க்கரை கட்டும் கோணி வந்துவிடுகிறது. அதுதான் பிறகு 'கன்னி' என்று ஆங்கில அகராதியில் ஏறியது. அங்கேயும் துணி, பை இரண்டுக்கும் அதே சொல்தான்.

அப்போது வங்காளத்துக் கிராமங்களில் சணலைக் கையால் நூற்றுக் கைத்தறியில் நெய்து கோணி கப்பலேறியது. 1830-களில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தார், திமிங்கில எண்ணெய் தடவி இளக்கினால் சணல் நார் இயந்திரத்துக்கு வசப்படும் என்று கண்டுகொண்டார்கள். 1853-ல் மூண்ட கிரிமியப் போர் ருஷ்யாவின் ஆளிநார் வரவைக் கெடுத்தது. சணலுக்கு யோகம் அடித்தது. 1855-ல் ஹூக்ளிக் கரையில் ரிஷ்ராவிலேயே ஆலை எழுந்தது. கைத்தறிக் கோணி மெல்ல மெல்ல ஓய்ந்தது. 1947-ல் நாடு பிரிந்தபோது ஆலைகள் இந்தப் பக்கமும், சணல் வயல்களில் பெரும்பகுதி அந்தப் பக்கமும் நின்றன.

பட்டையும் மஸ்லினையும் இழந்த நெசவாளருக்காகச் சரித்திர ஆசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். கோணி நெய்தவனுக்கு நான்கு வரி கிடைப்பதும் அபூர்வம். டாக்கா மஸ்லினை உடுத்தியவர் சிலரே. அவன் நெய்ததில்தான் ஊரார் அனைவருக்கும் அரிசி வந்தது. பாணினியின் காதில் விழுந்த அந்தச் சொல்லைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து நம்மிடம் சேர்த்தவர்களும் பண்டிதர்கள் அல்ல. சந்தைக்குப் பொதி ஏற்றிப் போனவர்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.