தொலைக்காட்சியும் பிள்ளைகளின் மொழியும்: சுவிஸ் தமிழர் சூழலில்

திரிம்பாக், சுவிற்சர்லாந்தின் சொலத்தூர்ன் மாநிலத்தில் ஓல்டன் நகரை ஒட்டியுள்ள சிற்றூர். 2013இல் எழுந்த மனோன்மணி அம்பாள் ஆலயத்தால் ஐரோப்பியத் தமிழரிடையே பெயர் தெரிந்த ஊர். இங்கே வளரும் தமிழ்ப் பிள்ளையின் காதில் மூன்று மொழிகள் விழுகின்றன. வீட்டில் ஈழத்துப் பேச்சுத் தமிழ், விளையாட்டுத் திடலில் சுவிஸ் ஜெர்மன், பாடப்புத்தகத்தில் எழுத்து ஜெர்மன். நான்காவதாகச் சென்னைத் தமிழையும் சேர்க்கலாம். அது தொலைக்காட்சி வழியாக மட்டுமே வருவது. ‘தமிழ் சனல் போட்டு விட்டால் பிள்ளை தமிழ் பிடித்துக்கொள்ளும்’ என்பது புலம்பெயர்ந்த வீடுகளில் பரவலான நம்பிக்கை. தொலைக்காட்சியின் தாக்கம் பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளில் பெரும்பகுதி வன்முறையைத்தான் துரத்திச் சென்றது என்றாலும், இந்த நம்பிக்கையை உரசிப் பார்க்கவும் போதிய ஆய்வுகள் உண்டு.

நம்பிக்கைக்குச் சாதகமான சான்று சுவிற்சர்லாந்திலேயே கிடைத்தது. ஜெர்மன் பேசும் சுவிஸ் பகுதிகளில் அன்றாடப் பேச்சு முழுவதும் வட்டார வழக்கில்தான் நடக்கும். எழுத்து ஜெர்மனைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில்தான், ஏறக்குறைய வேற்றுமொழி போல, கற்கிறார்கள் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. அன்னலீஸ் ஹெக்கி பூஹோஃபர், ஹரால்ட் பூர்கர் என்னும் மொழியியலாளர் இருவர் 1998இல் வெளியிட்ட நூல் அந்த எண்ணத்தை ஆட்டிவைத்தது. பள்ளி வாசலை மிதிக்கும் முன்பே பிள்ளைகள் எழுத்து ஜெர்மனில் கணிசமாகத் தேறியிருந்தார்கள். அதில் தொலைக்காட்சியின் பங்கு பெரியது. பொம்மை வைத்து விளையாடும்போது அரசனாகவோ மருத்துவராகவோ வேடம் போடும் பிள்ளை திடீரென எழுத்து ஜெர்மனுக்குத் தாவுவதை அந்நாட்டுப் பெற்றோர் பலரும் அறிவர்.

ஆனால் இந்த வெற்றிக்கு ஒரு பின்புலம் உண்டு. வழக்கு மொழியும் எழுத்து மொழியும் உடன்பிறப்புகள். வீட்டில் ஹூஸ், மூஸ் என்று கேட்ட பிள்ளைக்குத் திரையில் ஹவுஸ், மவுஸ் என்று கேட்டால் ஒலி மாற்றத்தின் ஒழுங்கு தானாகப் பிடிபட்டுவிடும். அடித்தளம் மனிதர்களோடு பேசிப் போடப்பட்டது; தொலைக்காட்சி அதன்மேல் ஒரு மாடி கட்டியது. அடித்தளமே இல்லாத இடத்தில் என்ன நடக்கும்?

அதற்கான விடை 2003இல் அமெரிக்காவின் சியாட்டிலில் கிடைத்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பட்ரீஷியா கூலும் அவரது குழுவினரும் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு மாண்டரின் சீனம் கேட்க வைத்தார்கள். ஒரு பிரிவுக் குழந்தைகளோடு சீனம் பேசுவோர் நேரில் தரையில் அமர்ந்து, பத்து நிமிடம் படக்கதை வாசித்து, பதினைந்து நிமிடம் பொம்மை காட்டி விளையாடினார்கள். நான்கு வாரங்களில் 12 அமர்வுகள். இன்னொரு பிரிவுக்கு அதே ஆட்கள், அதே கதைகள், அதே பொம்மைகள் தொலைக்காட்சித் திரையில் காட்டப்பட்டன. ஆங்கிலத்தில் இல்லாத இரு சீன மெய்யொலிகளைப் பிரித்தறிகிறார்களா என்று பிறகு சோதித்தபோது, நேரில் பழகிய குழந்தைகள் தாய்வான் குழந்தைகளுக்கு நிகராக அறிந்தார்கள். திரையில் பார்த்த குழந்தைகளோ சீனமே கேளாதவர்கள் போல இருந்தார்கள். இத்தனைக்கும் அவர்கள் திரையைக் கவனிக்காமல் இல்லை.

சந்தையோ இதைப் பொருட்படுத்தவில்லை. ‘பேபி ஐன்ஸ்டைன்’ போன்ற குறுவட்டுகள் கைக்குழந்தையை மேதையாக்கும் என்ற எதிர்பார்ப்பில் விற்றுத் தீர்ந்தன. 2009இல் பேபி ஐன்ஸ்டைனை விற்ற டிஸ்னி நிறுவனம், வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. மறு ஆண்டு ஜூடி டிலோச் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, ஒன்று முதல் ஒன்றரை வயதுப் பிள்ளைகள் கற்றல் குறுவட்டு ஒன்றை நான்கு வாரம் பார்த்தும், பாராத பிள்ளைகளைவிடக் கூடுதலாக ஒரு சொல்லும் கற்கவில்லை என்றது. கூடுதலாகக் கற்றவர்கள், குறுவட்டு இல்லாமலே அம்மா அப்பாவிடம் அதே சொற்களைக் கேட்ட பிள்ளைகள். குறுவட்டைப் பிடித்துப்போன பெற்றோரே தம் பிள்ளை நிறையக் கற்றதாகச் சொன்னார்கள் என்பது அந்த ஆய்வின் சுவையான இடம்.

திரை என்றாலே பயனில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகளுக்குப் புதிய வினைச்சொற்கள் மூன்று வழிகளில் கற்பிக்கப்பட்டன: நேரில், ஸ்கைப் அழைப்பில், பதிவுசெய்த காணொளியில். நேரில் கற்றவர்களைப் போலவே ஸ்கைப்பில் கற்றவர்களும் தேறினார்கள்; பதிவைப் பார்த்தவர்கள் தேறவில்லை. பிள்ளை சிரித்தால் சிரித்து, கேட்டால் பதில் சொல்லும் ஆள் எதிரே இருப்பதுதான் வேறுபாடு. சாவகச்சேரியிலிருந்து வாட்ஸப்பில் ‘குஞ்சு, என்ன சாப்பிட்டனீங்கள்?’ என்று கேட்கும் அம்மம்மா, விலையுயர்ந்த எந்தத் தமிழ்க் கேலிச்சித்திரத் தொடரைவிடவும் நல்ல ஆசிரியர் என்றே இந்த ஆய்வைப் படிக்க வேண்டியிருக்கிறது.

மூன்று வயதுக்குமேல் கதை மாறுகிறது. 1969 நவம்பரில் அமெரிக்காவில் தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’ நிகழ்ச்சியை மூன்று வயதிலிருந்து பார்த்த பிள்ளைகளுக்கு ஐந்து வயதில் சொல்வளம் கூடியிருந்ததை மேபல் ரைஸ் குழுவினர் 1990இல் காட்டினார்கள். மூன்று வயதுக்கு முன்பும் நிகழ்ச்சியின் அமைப்பு முக்கியம். பார்க்கும் பிள்ளையிடம் நேராகக் கேள்வி கேட்டு, விடைக்காகச் சற்றே காத்திருக்கும் ‘புளூஸ் குளூஸ்’ போன்ற நிகழ்ச்சிகள் சொல்வளத்தோடு நல்ல தொடர்பு காட்டின, ‘டெலிடப்பீஸ்’ நேரெதிர்.

புலம்பெயர்ந்த தமிழ் வீடுகளை நெருக்கமாகத் தொடுவது பின்னணித் தொலைக்காட்சி. பிள்ளைக்கென்று போடாமல், பெரியவர்களுக்காக மாலை முழுதும் ஓடும் நெடுந்தொடர், செய்தி, பாட்டுப் போட்டி. டிமிட்ரி கிறிஸ்டாக்கிஸ் குழுவினர் 329 சிறு குழந்தைகளின் மேலாடையில் ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்தி, வீட்டில் நாள் முழுதும் அவர்கள் காதில் விழுந்ததை எண்ணினார்கள். தொலைக்காட்சிச் சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர்களிடமிருந்து குழந்தை கேட்கும் சொற்கள் ஏறத்தாழ 770 குறைந்தன என்று 2009இல் அறிவித்தார்கள். குழந்தை எழுப்பும் ஒலிகளும் குறைந்தன. தமிழ்த் தொடர் ஓடும்போது வீட்டில் தமிழ் ஒலிக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் பிள்ளையோடு யாரும் தமிழ் பேசுவதில்லை. வீட்டுக்கு வெளியே ஜெர்மன் சூழ்ந்திருக்கும் ஊரில் அந்த இழப்பு யாழ்ப்பாணத்தில் நேர்வதைவிடப் பெரியது. அங்கே தெருவும் தமிழ் பேசும்.

வன்முறை பற்றிய ஆய்வுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஸ்டான்ஃபோர்டில் ஆல்பர்ட் பண்டூரா 1960களின் தொடக்கத்தில், பெரியவர் ஒருவர் ஊதிய பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் அப்படியே அடித்ததைக் காட்டினார். படத்தில் பார்த்தாலும் அதே விளைவுதான். கனடாவில் 1973 வரை தொலைக்காட்சி எட்டாத சிற்றூர் ஒன்றில், அது வந்த இரண்டாண்டில் பிள்ளைகளின் அடிதடி கூடியதென டானிஸ் மெக்பெத் வில்லியம்ஸ் பதிவு செய்தார். ஆனால் 1995இல் தொலைக்காட்சி வந்த செயின்ட் ஹெலினா தீவில், விளையாட்டுத் திடலில் படக்கருவி வைத்துப் பார்த்த டோனி சார்ல்டன் குழுவினர் அப்படி எதையும் காணவில்லை. ஊரே பிள்ளைமேல் கண்வைத்திருக்கும் இடத்தில் திரையின் கை ஓங்குவதில்லை என்பது அவர்கள் தந்த விளக்கங்களுள் ஒன்று.

இந்திய அனுபவம் தனியானது. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடந்தது. ‘சைட்’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட இத்திட்டத்தில் காலை நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு: இந்தி, கன்னடம், ஒரியா, தெலுங்கு ஒவ்வொன்றிலும் 22½ நிமிடம். தமிழ் இல்லை. பிள்ளைகளைச் சோதித்த ஸ்னேஹலதா சுக்லா, மொழித்திறனிலும் பிற வழிகளில் அறிய முனையும் ஆர்வத்திலும் முன்னேற்றம் கண்டார். தமிழ்நாடு உட்பட ஐந்து பகுதிகளின் கிராமங்களில் 2001 முதல் 2003 வரை நடந்த கணக்கெடுப்பைக் கொண்டு ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் 2009இல் எழுதிய ஆய்வோ நம் நெடுந்தொடர்களைப் பழிப்போரை வியக்க வைக்கும்: கேபிள் வந்த ஊர்களில் மனைவியை அடிப்பதை ஏற்கும் மனப்பான்மையும் ஆண்பிள்ளை மோகமும் குறைந்தன, சிறு பிள்ளைகள் பள்ளியில் சேர்வதும் கூடியதற்கு அடையாளங்கள் இருந்தன.

சுவிற்சர்லாந்தில் இன்று கவனம் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து கைபேசிக்கு நகர்ந்துவிட்டது. சூரிச் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகம் 12 முதல் 19 வயதினரின் ஊடகப் பயன்பாடு பற்றி 2010இலிருந்து இரண்டாண்டுக்கு ஒருமுறை ‘ஜேம்ஸ்’ ஆய்வையும், 6 முதல் 13 வயதினரைப் பற்றி ‘மைக்’ ஆய்வையும் நடத்திவருகிறது. புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளை ஹைன்ஸ் பொன்ஃபடெல்லி, பிரிஸ்கா பூஹர் முதலானோர் ஆராய்ந்து 2008இல் நூலாக்கினர். அவர்கள் கண்டது, பெற்றோரின் தாயகத்துக்கும் வாழும் நாட்டுக்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்து ஒன்றைத் தள்ளாமல், இரு பக்க ஊடகங்களையும் கலந்து பயன்படுத்தும் தலைமுறையை. சட்டமோ இன்னும் உள்ளடக்கத்தோடுதான் நிற்கிறது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சிறார் பாதுகாப்புச் சட்டம், திரைப்படங்களுக்கும் காணொளி விளையாட்டுகளுக்கும் வயதுக் குறியீட்டைக் கட்டாயமாக்கி, இணையவழிப் படச் சேவைகளையும் அதற்குள் கொண்டுவந்தது. வரவேற்பறையில் யாரும் பாராமல் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி அதன் வரம்புக்குள் வராது.