சப்பாத்திக்கள்ளி: சேலம், நாமக்கல் சமவெளியில் ஓர் அயல் செடியின் வரலாறு

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் மேட்டாங்காடுகளிலும் கரடுகளின் அடிவாரத்திலும் ஏரிக்கரைப் புறம்போக்குகளிலும் அங்கங்கே சப்பாத்திக்கள்ளி நிற்கிறது. நாகதாளி என்றும் இதைச் சொல்வார்கள். தட்டையான பச்சைத் தண்டும் மஞ்சள் பூவும் கருஞ்சிவப்புப் பழமும் கொண்ட இச்செடி இந்த மண்ணுக்கே உரியது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். பழத்தின் சுணையை மண்ணில் தேய்த்துப் போக்கி, நடுவிலுள்ள நட்சத்திர முள்ளை எடுத்துவிட்டுத் தின்று, நாக்கைச் சிவப்பாக்கிக்கொண்ட பிள்ளைப் பருவம் இங்கே பலருக்கு உண்டு. ஆனால் இது அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஒபன்ஷியா என்ற இதன் பேரினத்தைச் சேர்ந்த இரண்டு செடிகள் அடுத்தடுத்துத் தென்னிந்தியாவில் பெருகின. இரண்டையும் சிறு பூச்சிகள் அழித்தன. இன்று நம் கண்ணில் படுபவை இரண்டாவது அழிவில் தப்பியவற்றின் வழிவந்தவை.

கள்ளி என்ற பெயர்

கள்ளி பழந்தமிழ்ச் சொல். சங்கப் பாடல்களில் பாலை நிலத்திலும் இடுகாட்டிலும் கள்ளி வளர்கிறது. அந்தக் கள்ளி வேறு. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி எல்லாம் யூஃபோர்பியா பேரினத்தவை, ஆமணக்குக்கு உறவு. கீறினால் வெள்ளைப் பால் வடியும். சப்பாத்திக்கள்ளி கேக்டேசி என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. கீறினால் வழவழப்பான நீர்தான் வரும். அக்குடும்பத்தில் ரிப்சாலிஸ் என்ற ஒட்டுச்செடி மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளர்கிறது. மற்ற அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. வறட்சியைத் தாங்க இரு குடும்பங்களும் தனித்தனியே ஒரே வழியைக் கண்டன: இலையைக் குறைத்து, தண்டில் நீரைச் சேர்த்து, முள்ளால் காத்துக்கொண்டன. புதிய செடியைப் பார்த்த தமிழர்கள் பழைய பெயரையே அதற்கும் வைத்தார்கள்.

சேலம் வட்டாரத்தில் கள்ளிப்பால் என்ற சொல்லுக்கு இன்னொரு கனமும் உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் தொடங்கப்பட்டது சேலத்தில்தான். அந்தப் பால் சப்பாத்திக்கள்ளியில் கிடையாது. ஆனாலும் கள்ளி என்ற பெயருள்ள எதையும் வாசலில் வைக்கத் தயங்கும் பெரியவர்களிடம் தாவரவியல் விளக்கம் எடுபடுவதில்லை. அவர்கள் தயங்குவதில் ஒரு நியாயம் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சிவப்புச் சாயத்துக்கான தேடல்

சப்பாத்திக்கள்ளி தென்னிந்தியாவில் முக்கியத்துவம் பெற்றது அதை உண்ணும் ஒரு பூச்சியால். மெக்சிகோவின் ஒவாஹாக்கா பகுதியில் கள்ளித் தண்டின் மேல் வளர்க்கப்பட்ட கொச்சினீல் பூச்சியை உலர்த்தி அரைத்தால் கார்மைன் எனும் ஆழ்ந்த சிவப்புச் சாயம் கிடைக்கும். ஒரு பவுண்டு எடைக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும். ஐரோப்பாவில் இதற்குப் பெரும் விலை இருந்தது. பிரிட்டிஷ் படை அதிகாரிகளின் சிவப்புச் சட்டைக்கும் இதுவே சாயம். வணிகம் முழுவதும் ஸ்பெயினின் பிடியில் இருந்தது. 1777இல் தியெரி தெ மெனொன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் ஒவாஹாக்காவுக்குப் போய்க் கள்ளியையும் பூச்சியையும் கரீபியத் தீவுக்குக் கடத்தி வந்தது, அக்காலத்தில் பெரிய செய்தி.

சென்னையில் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் (1738–1809) இதே ஆசையில் இறங்கினார். 1786இல் சென்னையருகே புல்லில் ஒருவகைச் செதிற்பூச்சியைக் கண்டு, அது கொச்சினீலாக இருக்கலாம் என்று லண்டனில் இருந்த அறிவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதங்கள் எழுதினார். அது கொச்சினீல் அல்ல. ஆனால் கடிதங்கள் வீண் போகவில்லை. சைதாப்பேட்டையில், அடையாற்றங்கரையருகே, கொச்சினீலுக்கான கள்ளித் தோட்டம் ஒன்று உருவானது. அதன் பொறுப்பாளர் ஆண்டர்சனின் உறவினர் ஆண்ட்ரூ பெர்ரி. திரிகோணமலை மரம் எனப்படும் மரத்துக்கு ராக்ஸ்பர்க் இட்ட பெர்ரியா என்ற பேரினப் பெயர் இவர் நினைவாக வந்ததே.

சேலமும் பாராமகாலும் 1792இல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கம்பெனி வசம் வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து வரி வகுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் சைதாப்பேட்டையில் கள்ளி நட்டு, பூச்சிக்காகக் காத்திருந்தார்கள்.

பூச்சி 1795இல் வந்தது. கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவிலிருந்து கல்கத்தாவுக்கு அதைக் கொண்டுவந்தார். அங்கிருந்து சென்னைக்கும் வந்தது. அதற்கு முன்பே வேலிச் செடியாக ஊர்களில் பரவியிருந்த ஒபன்ஷியா மொனகாந்தா என்ற கள்ளியில் அது நன்றாகப் பெருகியது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் சாயம் மட்டமாக இருந்தது. வந்தது மெக்சிகோவின் வளர்ப்புப் பூச்சியான டாக்டைலோபியஸ் காக்கஸ் அல்ல. தென் அமெரிக்காவின் காட்டுப் பூச்சி ஒன்று. சுமார் நூறாண்டு கழித்து, 1896இல், பூச்சியியலாளர் ஈ. ஈ. கிரீன் அதை இலங்கையில் கண்டு விவரித்தார். அதனால் டாக்டைலோபியஸ் சிலோனிகஸ் என்ற பெயரில், பிரேசில் வழி வந்த பூச்சி இலங்கைக்காரனாகவே அறிவியலில் பதிவாகிவிட்டது. சைதாப்பேட்டைத் தோட்டம் 1800இல் கைவிடப்பட்டு, செடிகள் பெங்களூரு லால்பாகுக்குப் போயின.

முதல் அழிவு

தோட்டம் போனாலும் பூச்சி இருந்தது. சாயத்துக்கு ஆகாத அந்தப் பூச்சி கள்ளியை அழிப்பதில் கெட்டிக்காரத்தனம் காட்டியது. வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் தண்டில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். தண்டு மஞ்சளாகிச் சுருங்கி உதிரும். வட இந்தியாவில் கள்ளிக் காடுகள் இவ்வாறு சாய்ந்ததைக் கண்டவர்கள், பூச்சியை வேண்டுமென்றே தென்னிந்தியக் கள்ளிகளில் விட்டார்கள். நூல்கள் இதற்கு இரண்டு காலங்களைச் சொல்கின்றன: 1836ஐ ஒட்டிய ஆண்டுகள் ஒன்று, 1863 முதல் 1868 வரை மற்றொன்று. 1865 வாக்கில் இலங்கைக்கும் அது கொண்டுபோகப்பட்டது. ஒரு களைச்செடியை அடக்க ஒரு பூச்சியை மனிதர் திட்டமிட்டு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்த்தியதில், உலகிலேயே முதலில் பதிவான நிகழ்வுகளாக இவற்றை உயிரியல் கட்டுப்பாட்டு வரலாறு எண்ணுகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதற்கு ஒரு பக்கமாவது கிடைத்திருக்கலாம்.

மொனகாந்தா வேகமாக மறைந்தது.

இரண்டாவது கள்ளி

மறைந்த செடியின் இடம் காலியாக இருக்கவில்லை. ஒபன்ஷியா தில்லேனி என்ற மற்றொரு கள்ளி பரவியது. இன்று நாம் சப்பாத்திக்கள்ளி என்று காட்டுவது பெரும்பாலும் இதைத்தான். பழைய பூச்சி இதைத் தொடவில்லை. கொச்சினீல் பூச்சிகளில் ஒவ்வொன்றும் சில கள்ளிகளை மட்டுமே உண்ணும்; இந்த நுட்பம் பிற்காலத்தில்தான் தெளிவாகப் புரிந்தது.

கொங்கு நாட்டு உழவர்கள் மேய்ச்சல் நிலத்துக்குக் கிளுவை வேலி கட்டுபவர்கள். கிளுவையை வெட்டி ஒழுங்குபடுத்த வேண்டும். கள்ளிக்கு அந்த வேலை இல்லை. ஒரு தண்டை வரப்போரம் எறிந்தால் போதும், வேர் விட்டுவிடும். ஆடும் மாடும் தாண்டாது. பிரச்சினை அங்கேயே தொடங்கியது. வேலி நிலத்துக்குள் நகர்ந்தது. பழத்தைத் தின்ற பறவைகள் விதையைக் கரடுகளுக்குக் கொண்டுபோயின. ஊரையொட்டிய கள்ளிப் புதர் பாம்புக்கும் குப்பைக்கும் மறைவிடமானது. வெட்டினால் துண்டுகள் ஒவ்வொன்றும் செடியாகின. எரிக்க வேண்டும், இல்லையேல் ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். பஞ்ச காலத்தில் முள்ளைத் தீயில் வாட்டி மாட்டுக்குப் போடுவது தக்காணத்தில் பழக்கமாக இருந்தது. அந்தச் சமயத்தில் மட்டும் இதைச் சபிப்பவர் குறைவாக இருந்திருப்பார்கள்.

தீர்வு வந்த வழி சுவாரசியமானது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் கள்ளி நிலங்களை விழுங்கிக்கொண்டிருந்தது. அதற்கு எதிரியைத் தேடி ஹார்வி ஜான்ஸ்டன், ஹென்றி டிரையான் என்ற இருவர் 1912 முதல் 1914 வரை பல நாடுகளைச் சுற்றினார்கள். தென்னிந்தியாவையும் இலங்கையையும் பார்த்தார்கள். நம் பழைய சிலோனிகஸ் பூச்சி இவ்வழியில் ஆஸ்திரேலியா போய், அங்கிருந்த மொனகாந்தாவை ஒழித்தது. பின்னர் ஆஸ்திரேலியர்கள் வட அமெரிக்காவிலிருந்து டாக்டைலோபியஸ் ஒபன்ஷியே என்ற வேறொரு பூச்சியை வரவழைத்தார்கள். அது அங்கிருந்து இலங்கைக்கு வந்தது. இலங்கையிலிருந்து 1926இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. தில்லேனியை உண்ணும் பூச்சி இதுதான். ஐந்தாறு ஆண்டுகளில் தென்னிந்தியாவில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் பரப்பில் கள்ளி அடங்கியது என்பது பூச்சியியல் நூல்களின் கணக்கு.

ஒரு துண்டுத் தண்டில் பூச்சியை ஏற்றி, அதைப் புதரின் மேல் வைத்துவிட்டு நகர்ந்தால் வேலை முடிந்தது. மருந்து இல்லை, இயந்திரம் இல்லை. அடங்கியது என்றேன், ஒழிந்தது என்று சொல்லவில்லை. செடி குறைந்தால் பூச்சியும் குறையும். பூச்சி குறைந்தால் செடி கொஞ்சம் தலைதூக்கும். சமவெளியின் கள்ளிகள் இன்றும் இந்தக் கணக்கிலேயே வாழ்கின்றன. கள்ளியைப் பற்றிய கவலை போன புறம்போக்குகளில் இப்போது சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் நிற்கின்றன.

வீட்டுத் தொட்டியில்

இதே குடும்பம் இன்று வேறு உருவங்களில் திரும்பி வந்திருக்கிறது. டிராகன் பழம் ஒரு கள்ளியே; குஜராத் அரசு 2021இல் அதற்குக் கமலம் என்று பெயர் மாற்றியபோதும் அது கள்ளியாகவே இருந்தது. நாற்றுப்பண்ணைகளில் சிவப்பு, மஞ்சள் உருண்டையாக விற்கும் நிலாக்கள்ளி, 1941இல் ஜப்பானில் கண்டெடுக்கப்பட்ட பச்சையமற்ற நாற்றின் வழிவந்தது. தானாக உணவு செய்ய முடியாததால், பச்சைக் கள்ளித் தண்டின் மேல் ஒட்டுக் கட்டப்பட்டிருக்கும். மேலே உள்ளதும் கீழே உள்ளதும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. சில ஆண்டுகளில் உருண்டை வாடினால் அது வளர்த்தவர் குற்றமல்ல. வாடுமுன் அதைப் புதிய டிராகன் பழத் தண்டில் ஒட்டினால் தொடரும்.

வாங்கி வந்து மறந்துபோன மற்றத் தொட்டிக் கள்ளிகள் சாவது பெரும்பாலும் தாகத்தால் அல்ல. கள்ளி இரவில்தான் இலைத்துளைகளைத் திறந்து காற்றை இழுக்கிறது. பகலில் மூடிக்கொள்வதால் நீரிழப்பு மிகக் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் வடியாத தொட்டியே அதைக் கொல்கிறது. அடித்தண்டு பழுப்பேறி மெத்தென்றிருந்தால் செடியை வெளியே எடுத்து, கத்தியைச் சுத்தம் செய்துகொண்டு, அழுகிய பகுதி முழுவதையும் வெட்ட வேண்டும். வெட்டுவாயில் பழுப்புப் புள்ளி ஒன்றுகூட இருக்கக் கூடாது. நிழலில் ஒரு வாரம் முதல் பத்து நாள் சும்மா கிடத்தினால் காயம் உலர்ந்து தோல் கட்டும். இதைப் பொறுக்காமல் அன்றே நடுபவர்கள்தான் அதிகம், மறுபடி அழுகும். செம்மண்ணில் பாதிக்கு மேல் பெருமணலும் செங்கல் சல்லியும் கலந்து, உலர்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் காட்டலாம். அறைக்குள் வெளிச்சமின்றி வெளிறி ஒல்லியாக நீண்ட செடியை எடுத்த எடுப்பில் சித்திரை வெயிலில் வைத்தால் வெந்துவிடும். முதலில் காலை வெயில், பிறகு சிறிது சிறிதாகக் கூட்டலாம். நீண்ட பகுதி மறுபடி தடிக்காது. அதை வெட்டிப் புதிதாக வேர் விடச் செய்வதே வழி.

தண்டில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் ஒரு குச்சியால் எடுத்து வெள்ளைத் தாளில் நசுக்கிப் பார்க்கலாம். ஆழ்ந்த சிவப்பு பரவினால் அது கொச்சினீல். ஆண்டர்சன் தேடிய கார்மைன் அந்தத் தாளில் இருக்கிறது. சப்பாத்திக்கள்ளி இனங்களில்தான் இது வரும். சிவப்பு வராவிட்டால் சாதாரண மாவுப்பூச்சி. இரண்டுக்கும் பழைய பல்துலக்கும் தூரிகையும் சோப்புக் கரைசலும் போதும், வாரம் ஒருமுறை விடாமல் செய்தால்.

வெட்டிய சப்பாத்திக்கள்ளித் துண்டுகளை ஏரிக்கரையிலோ ஓடையிலோ வீசக் கூடாது. ஒரு தண்டு வேர் பிடித்து வேலியானதும், வேலி காடானதும் அந்த ஒரே குணத்தால்தான். வெட்டிய துண்டு தொட்டியில் பிழைப்பதும் அதனால்தான். மொட்டை மாடிச் சிமெண்டுத் தரையில் போட்ட துண்டுகூடச் சில வாரங்கள் பச்சையாகவே கிடக்கும்.