விலை பேசப்பட்டவர், விலங்கொடித்தவர்

மம்சாபுரத்திற்கு இருபுறமும் இரு நகரங்கள். ஒன்று திருவில்லிபுத்தூர், கோபுரத்தால் பெயர் பெற்றது. மற்றொன்று இராசபாளையம், பஞ்சாலைகளால் பெயர் பெற்றது. கோபுரம் வானை நோக்கி நிற்கிறது. ஆலையோ நம் ஊர்ப் பெண்களை நோக்கி நிற்கிறது. விடியுமுன் ஆலை வண்டி வருகிறது. இரவு வேலை முடித்தவர் இறங்குகின்றனர், பகல் வேலைக்குரியவர் ஏறுகின்றனர். சற்று நேரம் சென்றதும், அதே சாலையோரமாகப் புத்தகப் பையுடன் சிறுமியர் பள்ளிக்கு நடக்கின்றனர். வண்டியில் தாய், வரப்பில் மகள். ஆசிரியப் பணியில் அமர்ந்த நாள்முதல் நாம் காணும் காட்சி இது.

அண்மையில் அத்தகைய தாய் ஒருவர் மகளின் சான்றிதழ்களை வாங்கிச் செல்லப் பள்ளிக்கு வந்தார். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியவள், கல்லூரிக்குச் செல்லவிருப்பவள். கையெழுத்திடும்படி ஏட்டை நீட்டினோம். ஒவ்வோர் எழுத்தாக, எண்ணி எண்ணி, தம் பெயரை எழுதினார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நூற்பு எந்திரத்தின் முன் பதினெட்டு ஆண்டுகள் நின்றவர். வயது முப்பத்தாறு.

"என் காலம் இப்படியே ஓடிப்போச்சு சார். எம் பிள்ளையாவது நல்லா இருக்கட்டும்" என்றார்.

நாமும் தலையசைத்தோம். தியாகத் தாய் என்று மனத்துள் பாராட்டவும் செய்தோம். ஆனால் அன்றிரவு அந்தத் தலையசைப்பே நம்மை உறுத்திற்று. முப்பத்தாறு வயதில் ஒருவர் தம் வாழ்வின் கணக்கை மூடிவிட்டேன் என்கிறார். பகுத்தறிவு பேசும் நாம், சீர்திருத்தம் பேசும் நாம், அந்தக் கணக்குச் சரிதான் என்று ஒப்பமிட்டு அனுப்பிவிட்டோமே! இது நீதியா?

தோழர்களே, மனித வாழ்வை நான்கு பருவமாக அறுத்துவைத்தது ஆரியம். கற்கும் பருவம், இல்லறப் பருவம், காடேகும் பருவம், துறவுப் பருவம் என்று வகுத்தது. எவருக்கு? இருபிறப்பாளருக்கு! உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் பருவம் ஏது? பிறந்தது முதல் இறப்பது வரை ஏவல் ஒன்றே அவனுக்கு விதித்த பருவம். பெண்ணுக்கோ மனு வேறொரு கணக்குப் போட்டார்: இளமையில் தந்தையின் காவல், மணந்தபின் கணவனின் காவல், முதுமையில் மகனின் காவல். காவலர் மாறுவர், கைதி மாறாள். அவள் யார் என்று அவளைக் கேட்க வேண்டியதில்லை. யாருடைய மகள், யாருடைய மனைவி, யாருடைய தாய் என்று கேட்டால் போதும்.

அந்தக் கணக்கைத் தம் வாழ்வினாலேயே கிழித்தெறிந்த ஒருவரின் வரலாற்றை எண்ணிப் பார்ப்போம். அவர்தாம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்.

1883ஆம் ஆண்டில் பிறந்தவர் அவர். குடும்பத்தை வறுமை வாட்டிற்று. தந்தை வீட்டைவிட்டு அகன்றார். சிறுமி இராமாமிர்தத்தைத் தாய் ஒரு தாசியிடம் விற்றார். விலை என்ன தெரியுமா? பத்து ரூபாய், அத்துடன் ஒரு பழைய புடவை. தான் யார் என்று கேட்கத் தெரியாத வயதில், 'நீ தேவதாசி ஆகப்போகிறவள்' என்று பிறர் விடை எழுதிவிட்டனர். ஆடல் கற்பித்தனர், பாடல் கற்பித்தனர். மாயூரத்தை அடுத்த மூவலூரில் அவர் வளர்ந்தார்.

பொட்டுக்கட்டும் வழக்கத்தை வெறும் ஒழுக்கக்கேடு என்று சொல்லிக் கடந்துவிடுவோர் உண்டு. அதன் அடித்தளத்தில் நிலம் இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. கோயில் ஊழியம் செய்யும் தாசிக்கு மானிய நிலம் உண்டு. ஊழியம் நின்றால் நிலம் போகும். எனவே ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு சிறுமிக்குப் பொட்டுக்கட்டியாக வேண்டும். சாமிக்கு மனைவி என்று பெயர். ஊர்ப் பெருந்தனக்காரருக்கு உடைமை என்பதே நடப்பு. பக்தி மேற்பூச்சு; பொருளாதாரம் உட்சுவர். உள்ளே இருந்த பெண் வெளியே வர விரும்பினாலும், வந்தபின் சோற்றுக்கு வழி எது என்ற கேள்வி அவளைக் கதவண்டை தடுத்து நிறுத்தியது.

அந்தக் கதவைத் திறந்துகொண்டு இராமாமிர்தம் வெளிவந்தார். இசையாசிரியர் சுயம்பு பிள்ளையைத் தாமே விரும்பி மணந்தார். விற்கப்பட்டவர் செய்த முதல் தேர்வு அது. தம் வாழ்வு தம்முடையது என்று கண்டுகொண்டார். அத்துடன் நிறைவடைந்து, தப்பித்தோம் பிழைத்தோம் என்று இல்லறத்தில் ஒடுங்கியிருந்தால் யாரும் அவரைக் குறைகூறியிருக்க மாட்டார்கள். அவரோ, தாம் தப்பிய கூண்டில் இன்னும் எத்தனை சிறுமியர் என்று திரும்பிப் பார்த்தார். தம் குலத்துப் பெண்களிடையே பொட்டறுப்புப் பிரசாரம் தொடங்கினார். காங்கிரசில் சேர்ந்தார்; கதர் பரப்பினார்.

1925இல் காஞ்சிபுரத்தில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் மறுக்கப்பட்டதும் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். அப்போது பெரியாருக்கு வயது நாற்பத்தாறு. அவருடன் சுயமரியாதைப் பாதைக்கு வந்த அம்மையாருக்கு வயது நாற்பத்திரண்டு. 'என் காலம் ஓடிப்போயிற்று' என்று பெண்கள் பெருமூச்செறியும் வயதன்றோ அது! அந்த வயதில் அவர் புதிதாகத் தொடங்கினார்.

போராட்டம் இரு முனைகளில் நடந்தது. சட்டசபைக்குள் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார். ஊர் மேடைகளில் இராமாமிர்தம் அம்மையார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கக் கோரும் தீர்மானத்தை முத்துலட்சுமி அம்மையார் 1927இல் சட்டசபையில் கொண்டுவந்தார். மானிய நிலத்தைக் கோயில் ஊழியத்தினின்று விடுவிக்கும் சட்டத் திருத்தம் 1929இல் வந்தது. நிலம் என்னும் தளை தளர்ந்தது. ஆயினும் பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கும் சட்டத்திற்கு 1947 வரை காத்திருக்க நேர்ந்தது. இருபது ஆண்டு! ஒரு சிறுமி பிறந்து, வளர்ந்து, வாழ்வு பாழாவதற்குப் போதுமான காலம் அது.

அந்த இருபது ஆண்டிலும் அம்மையார் ஓய்ந்திருக்கவில்லை. 1936இல், ஐம்பத்து மூன்றாம் வயதில், எழுத்தாளரானார். 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்னும் நாவலை வெளியிட்டார். தாசி வீட்டின் தந்திரங்களையும் செல்வர் வீட்டு இளைஞரின் மதியீனத்தையும் உள்ளிருந்து அறிந்தவர் எழுதிய நூல் அது. எந்த வீட்டில் விலைக்கு வாங்கப்பட்டாரோ, அந்த வீட்டின் இரகசியங்களையே ஆயுதமாக்கினார்.

ஈராண்டு சென்றது. பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார் ஆச்சாரியார். 1938 ஆகஸ்டு முதல் நாள், ஏறத்தாழ நூறு பேர் கொண்ட தமிழர் பெரும்படை திருச்சியை அடுத்த உறையூரிலிருந்து சென்னை நோக்கிப் புறப்பட்டது. பட்டுக்கோட்டை அழகிரி அதன் தளபதி. நாற்பத்திரண்டு நாள் நடந்து செப்டம்பர் 11ஆம் நாள் அது சென்னையை அடைந்தது. அந்தப் படையோடு நடந்தார் இராமாமிர்தம் அம்மையார். வயது ஐம்பத்தைந்து! மனுவின் கணக்குப்படி மகனின் காவலில் மூலையில் அமரவேண்டிய வயதில், ஊர் ஊராக மேடையேறினார் அவர். நவம்பர் 13ஆம் நாள் சென்னையில் பெண்கள் மாநாடு கூடி, ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்னும் பட்டத்தை அளித்தது. அதற்கு மறுநாள் மறியலில் ஈடுபட்ட பெண்கள் கைதாயினர். டாக்டர் தருமாம்பாளுடன் அம்மையாரும் சிறை புகுந்தார். 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி திரும்பப் பெறப்பட்டது.

மேலும் ஒரு கட்டம் உண்டு. 1949இல் பெரியாரின் திருமணத்தை ஏற்க மனமின்றி, அம்மையார் அண்ணாவின் பக்கம் சென்றார். கால் நூற்றாண்டுக் காலம் பின்பற்றிய தலைவரை விட்டுப் பிரிவது எளிதா? அந்த முடிவு சரியா, தவறா என்று வாதிடுவோர் வாதிடட்டும். நாம் காண வேண்டியது வேறு. அறுபத்தாறு வயதிலும் அவருடைய அறிவு எவருடைய காவலிலும் இல்லை. தலைவரின் காவலிலும் இல்லை. சுயமரியாதை என்ற சொல்லைத் தலைவரிடம் கற்றவர், அதைத் தலைவரிடமே காட்டினார். 1962இல் மறையும் வரை அவர் பொதுவாழ்வை விட்டாரில்லை.

இந்த வரலாறு தஞ்சைத் தரணிக்கு மட்டும் உரியதன்று. நம் பக்கத்து மண்ணும் இதில் பங்கு கொண்டது. அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் 1928இல் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. மூன்றாவது மாகாணச் சுயமரியாதை மாநாடு 1931இல் விருதுநகரில் கூடியது. பெண்களுக்கெனத் தனி மாநாடும் அங்கு நடந்தது. சுக்கிலநத்தத்தில் விதைத்த விதைக்கு 1967இல் அண்ணாவின் ஆட்சியில்தான் சட்டப் பாதுகாப்புக் கிட்டியது. அன்று இளமணமக்களாய் மேடையேறியோர் பேரன் பேத்தி எடுக்கும் வயதுவரை ஒரு கொள்கை காத்திருந்தது என்று பொருள். காத்திருந்தோர் கைகட்டி இருந்தாரில்லை. ஒவ்வொரு பருவத்திலும் செய்தற்குரியதைச் செய்துகொண்டே காத்திருந்தனர்.

இனி, நம் பள்ளிக்கு வந்த தாயிடம் திரும்புவோம்.

1989இல் கலைஞரின் அரசு அம்மையார் பெயரால் ஏழைப் பெண்களுக்குத் திருமண நிதி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. மணப்பெண் எட்டாம் வகுப்பு வரையேனும் படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. ஐயாயிரம் ரூபாய் அளித்தது. பெண்ணைப் பள்ளியில் நிறுத்திவைக்கத் திருமணத்தையே தூண்டிலாக்கிய திட்டம் அது. 2022இல் அத்திட்டம் உருமாறிற்று. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவிக்கு, படிப்பு முடியும்வரை மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் 'புதுமைப்பெண்' திட்டமாயிற்று. மணமேடையின் வாசலில் நின்ற பணம் கல்லூரியின் வாசலுக்குச் சென்றது. பத்து ரூபாய்க்கு விற்கப்பட்ட சிறுமியின் பெயரால், மாதம் ஆயிரம் ரூபாய் பெற்றுக் கல்லூரிக்குச் செல்கிறாள் நம் மாணவி. பழிவாங்கல் என்றால் இதுவல்லவோ பழிவாங்கல்!

மகிழ்வோம். ஆனால் மகிழ்ச்சியிலே ஒன்றை மறந்துவிடுகிறோம். மகளுக்கு வாசல் திறந்தது. தாய்க்கு? அவர் அந்த வாசல்வரை மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பவேண்டியவர்தாமா? அவ்விதம் நினைப்போமாயின், நாமும் மனுவின் மாணாக்கரே. அவர் காவலை வகுத்தார். நாம் காலத்தை வகுக்கிறோம். 'இளமையில் இலட்சியம், நடுவயதில் தியாகம், முதுமையில் ஓய்வு' என்று நாமே ஒரு புது ஆசிரம தருமத்தை எழுதிக்கொண்டு, அதற்குப் பகுத்தறிவு முத்திரையும் குத்துகிறோம்.

அம்மையாரின் வாழ்வு நமக்குக் கற்பிப்பது இதுதான். 'நான் யார்?' என்ற கேள்விக்கு ஒருமுறை எழுதிய விடை ஆயுள் முழுமைக்கும் செல்லாது. சிறு வயதில் பிறர் எழுதியதை அவர் அழித்தார். இளமையில் தாம் எழுதியதையும் நடுவயதில் திருத்தினார். முதுமையில் மீண்டும் திருத்தினார். ஆயினும் எதுவும் வீண்போகவில்லை. தாசி வீட்டில் அவர் கற்ற வாழ்க்கை நாவலுக்குப் பொருளாயிற்று. பொட்டறுப்பு மேடையில் பெற்ற துணிவு மொழிப்போரில் உதவிற்று. முத்துலட்சுமி அம்மையாரையும் பாருங்கள்: சட்டசபையிலே சாதித்தவர், 1954இல், அறுபத்தெட்டாம் வயதில், அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். நேற்றைய பருவம் இன்றைய பருவத்திற்குக் கருவி தருகிறது, கட்டளை இடுவதில்லை.

இளம் தோழர்களே! படிப்பகம் அமைக்கிறோம், மாணவருக்குப் போட்டித் தேர்வு வகுப்பு நடத்துகிறோம். நன்று. அந்தப் படிப்பகத்தின் கதவு, ஆலை வண்டியிலிருந்து இறங்கும் பெண்ணுக்குத் திறந்திருக்கிறதா? பன்னிரண்டரை வயது நிறைந்த எவரும் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத நம் மாநிலத்தில் வழியுண்டு. வழியுண்டு என்பதை அவர்களிடம் சொன்னோமா? விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோமா? வேலை நேரத்திற்கேற்ப மாலையில் ஒரு மணி, காலையில் ஒரு மணி என வகுப்பு நடத்த ஒருவரேனும் முன்வந்தோமா? எட்டில் தேறியவர் எல்லாரும் எழுத்தாளர் ஆகிவிடுவர் என்று நாம் கதைக்கவில்லை. ஊதியச் சீட்டைப் படித்துப் பார்த்து 'இது ஏன் பிடித்தீர்கள்?' என்று ஆலையில் ஒரு பெண் கேட்பாளாயின், அதுவும் ஒரு பொட்டறுப்புத்தான்.

அந்தத் தாய் மீண்டும் வருவார். மதிப்பெண் சான்றில் திருத்தம் ஒன்று இருக்கிறது. இம்முறை நாம் தலையசைத்து அனுப்புவதாக இல்லை. மகளின் தாளைக் கொடுத்துவிட்டு, மேசையில் இன்னொரு தாளை வைப்போம்.

"அம்மா, இது உங்களுக்கு" என்போம்.