கண்ணாடி மணியும் கைவினைஞர் நலமும்

கண்ணாடி மணிக்கு மின்னும் ஒளியே அழகென்பர் பலர். பனி படிந்தாற்போன்ற மங்கிய மேனியும் ஓரழகே. அதனைப் பெறும் வழிகளின் வரலாறு தொழிலாளர் நலத்தின் வரலாறுமாகும்.

புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945 இல் வீலர் அகழ்ந்தார். ஆங்குக் கிடைத்தவற்றையொத்த கண்ணாடி மணிகள் 1980களில் நமது மாதோட்டத்திலும் வெளிப்பட்டன. கண்ணாடியை மெல்லிய குழலாக இழுத்துத் துண்டித்து, கூர்முனை மழுங்கச் சூடாக்கிச் செய்தவை அவை. புதையுண்ட மணிகள் மங்கித் தோன்றுவதற்கு, மண்ணின் ஈரம் கண்ணாடியிலுள்ள காரத்தைப் பன்னூறாண்டுகளாகக் கரைத்தமையும் ஒரு காரணமாகும்.

மண் மெல்லச் செய்ததை அமிலம் விரைந்து செய்யும். 1771 இல் சுவீடனில் சீலே ஆராய்ந்த ஐதரோபுளோரிக்கமிலம் கண்ணாடியை அரிக்கும். தோலை ஊடுருவி என்பையும் தாக்கும். ஐதான கரைசல் பட்டவிடம் உடனே நோவாமை பெருங்கேடு. 1870 இல் அமெரிக்கரான தில்மன் மணலை விசையுடன் வீசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் தூசி நுரையீரலைக் கெடுத்தமையால், தொழிற்சாலைகளில் அதற்கு மணலைப் பயன்படுத்துவதைப் பிரித்தானியா 1949 இல் தடைசெய்தது.

தீங்கு குறைந்த வழியும் உண்டு. கேகாலைக்கு அயலான இரத்தினபுரியில் கல்லுக்குப் பட்டை தீட்டுவோர் அறிவர்: நுண்பொடி ஒளியூட்டும்; பரும்பொடி ஒளியைச் சிதறச்செய்யும். மணிகளைச் சிலிக்கன் காபைட்டுப் பொடி, நீர் ஆகியவற்றுடன் மூடிய உருளையிலிட்டு மெல்லச் சுழற்றின் மங்கிய மேனி கிட்டும். நீர் தூசியை அடக்கும். எஞ்சும் சேற்றையும் உலருமுன் அகற்றல் வேண்டும். இம்முறையிற் காலம் சற்று மிகும்; கைவினைஞர் உடல்நலம் காக்கப்படும்.