கல்லிலிருந்து இல்லம் வரை: தமிழ்ச் சமணரும் தாய்மொழியும்

சமவசரணத்தில் பகவானின் திவ்வியத்வனி எழுந்தபோது, அங்குக் கூடியிருந்த தேவரும் மனிதரும் விலங்கும் பறவையும் தத்தம் மொழியிலேயே அதனை உணர்ந்தனர் என்பது சமண மரபு. கேட்போருக்கு விளங்கும் மொழியில் அறம் சென்று சேர வேண்டும் என்னும் கொள்கை இந்நம்பிக்கையில் அடங்கியுள்ளது. பகவான் மகாவீரர் கற்றோருக்கு மட்டும் உரியதாயிருந்த மொழியை விடுத்து, மக்கள் வழங்கிய அர்த்தமாகதியில் அறம் உரைத்தார். ஆசாரியர் குந்தகுந்தர் தம் நூல்களைப் பிராகிருதத்தில் இயற்றினார். சமண முனிவர்கள் எந்த நாட்டில் கால் வைத்தனரோ அந்நாட்டு மொழியைத் தம் மொழியாக ஏற்றனர். அவ்வாறு ஏற்ற மொழிகளுள் தமிழுக்குத் தனியிடம் உண்டு.

தரசேன ஆசாரியரிடம் சுருத ஞானத்தைக் கேட்டுப் பெற்ற புட்பதந்தர், பூதபலி ஆகிய இருவரும் அதனைச் சட்கண்டாகமமாக வரைந்தனர். சுருத பஞ்சமி அந்த நூல் நிறைவைக் கொண்டாடும் நாளாகும். பாடம் பெற்றபின் பூதபலி திராமிள தேசத்திற்குச் சென்றார் என்று, 816-இல் வீரசேனர் நிறைவு செய்த தவளா உரை கூறுகிறது. நினைவில் நின்ற ஆகமம் ஏட்டில் ஏறிய அந்த வரலாற்றிலேயே தமிழகத்தின் பெயரும் கலந்திருப்பது தமிழ்ச் சமணர் எண்ணி மகிழத்தக்கது.

தமிழகத்தில் சமணத்தின் மிகப் பழைய சான்றுகள் குன்றுகளில் உள்ளன. மதுரைக்கு அருகில் மாங்குளத்துக் குகைத்தளங்களில் உள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது அறிஞர் பலரின் கருத்து. நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயரும், கணி நந்தன் என்னும் துறவியின் பெயரும் அங்கு ஒருங்கே காணப்படுகின்றன. ‘தம்மம்’ என்னும் பிராகிருதச் சொல்லும், ‘பளி’ என்று எழுதப்பட்ட பள்ளியும் அக்கல்வெட்டுகளில் உள்ளன. தமிழுக்கே உரிய ழ, ள, ற, ன ஆகிய ஒலிகளுக்கு இவ்வகைக் கல்வெட்டுகளில் தனி எழுத்துகள் இருக்கின்றன. தமிழில் இல்லாத ‘ஸ’ ஒலிக்கும், வடசொல் வருமிடத்தில், எழுத்து பயன்பட்டுள்ளது. அவ்வெழுத்தைத் தமிழுக்கு அமைத்தவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் இரு மொழிகள் ஒரே பாறையில் ஒன்றையொன்று அழிக்காமல் அமர்ந்திருப்பதை எவரும் காணலாம்.

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்று இதனை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. இருபத்து நான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்ட அக்குன்றில், 57 நாள் உண்ணா நோன்பிருந்து உடல் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகையைக் குறிக்கும் பழைய வட்டெழுத்துக் கல்வெட்டு உள்ளது. அச்சிறிய கல்வெட்டில் ‘அனசனம்’ என்பது வடக்கிலிருந்து வந்த சொல். அதனை முடிக்கும் ‘நோற்ற’ என்பது தூய தமிழ்ச்சொல். ‘நிசீதிகை’ என்பது சமணத் துறவியர் உடன்கொண்டு வந்த சொல். முனிவரின் இறுதி விரதத்தைப் பொறித்தவர்கள் மூன்றையும் ஒரே தொடரில் இயல்பாக இணைத்தனர். படித்தவருக்கு அது விளங்கியிருக்க வேண்டும். இல்லையேல் அவ்வாறு பொறித்திருக்கமாட்டார்கள்.

புதிய சொல்லைக் கொண்டு வந்ததோடு, பழைய சொல்லுக்குப் புதிய இடத்தையும் சமணர் அளித்தனர். கருமத்திற்கு ‘வினை’ என்றும், மோட்சத்திற்கு ‘வீடு’ என்றும், அகிம்சைக்குக் ‘கொல்லாமை’ என்றும் தமிழிலேயே பேசினர். அருகன், சாவகன், இயக்கி ஆகியவை தமிழ் ஒலிக்கு இசைந்து நின்றன. கழுகுமலைக் கல்வெட்டுகளில் ‘குரவர்’ என்னும் ஆசிரியரோடு ‘குரத்தியர்’ என்னும் பெண் ஆசிரியரும் குறிக்கப்படுகின்றனர். வட ஆர்க்காட்டு விளாப்பாக்கத்தில் பட்டினிக் குரத்தியடிகள் கிணறு வெட்டுவித்த செய்தி 10-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்றில் உள்ளது. பெண்ணும் அறம் கற்பிக்கும் ஆசிரியராதல் வழக்கமாயிருந்த சமுதாயத்தில், அவரைக் குறிக்க ஒரு சொல்லும் வழக்கில் இருந்தது.

இவ்வாறு மொழியோடு வாழ்ந்தவர்கள் அம்மொழிக்கு இலக்கணம் வகுத்ததும் இயல்பே. அமிதசாகரர் யாப்பருங்கலமும் காரிகையும் செய்தார். 13-ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்ட, பவணந்தி முனிவர் நன்னூல் இயற்றினார். வடமொழி எழுத்துகள் தமிழில் எவ்வாறு திரிந்து வரும் என்பதற்குப் பவணந்தியார் தனியே விதிகள் வகுத்துள்ளமை கருதத்தக்கது. வந்த சொல்லை விலக்கவும் இல்லை. அதற்காகத் தமிழின் ஒலியைக் குலைக்கவும் இல்லை. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டைத் திண்ணைப் பள்ளிச் சிறுவர்கள், எச்சமயத்தவராயினும், மனப்பாடம் செய்தனர். மறுபுறம், சமணர் தம் இல்லங்களில் படிப்பதற்கென மணிப்பிரவாள நடையில் ஸ்ரீபுராணம் எழுந்தது. மகாபுராணச் செய்திகளைக் கிரந்த எழுத்தும் தமிழெழுத்தும் கலந்து உரைநடையில் சொல்லும் அந்நூலே பல தலைமுறைகளுக்குத் தீர்த்தங்கரர் வரலாறுகளை அறிவித்தது.

இல்லங்களில் வாழ்ந்த இந்த மொழியின் பயனைத் தமிழுலகம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உணர்ந்தது. 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் உ.வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை ஆராயத் தொடங்கினார். சொல் விளங்கிற்று; இலக்கணம் விளங்கிற்று; ஆனால் சமண சமயக் கருத்துகள் வந்த இடங்களில் பொருள் பிடிபடவில்லை. விடை தேடி அவர் அவ்வூர்ச் சமணர் இல்லத்திற்குச் சென்றபோது, அவ்வீடு விழாக்கோலம் பூண்டிருந்தது. பல மாதங்களாகத் தொடர்ந்து படித்து வந்த சிந்தாமணி அன்று நிறைவெய்தியதே அதற்குக் காரணம். பெரும்புலவர்களும் கைவிட்டிருந்த காப்பியம், அவ்வில்லத்தில் ஆண்டவனைத் தொழுவது போன்ற நியமத்தோடு ஓதப்பட்டு வந்தது. அங்குப் பழகப் பழக அவருடைய ஐயங்கள் அகன்றன. அவருடைய ஆர்வத்தைக் கண்ட அவ்வில்லத்துப் பெண்மணி ஒருவர், இவர் ‘பவ்யஜீவன்’ போலும் என்று வியந்ததாகச் சாமிநாதையரே தம் சுயசரிதத்தில் மகிழ்ந்து பதிவு செய்துள்ளார். வீடுபேற்றுக்குத் தகுதியுடைய உயிரைக் குறிக்கும் அச்சொல், சாத்திரம் கற்ற பண்டிதரின் நாவிலன்றி இல்லறத்து மங்கையின் அன்றாடப் பேச்சில் இருந்தது. 1887-இல் சிந்தாமணி அச்சேறியபோது, ஐயரவர்களின் பேருழைப்போடு இத்தகைய இல்லங்களின் துணையும் அதில் கலந்திருந்தது.

ஏடுகள் அழியாமல் இருந்திருந்தாலும், அவற்றின் சொற்களைப் பொருளுணர்ந்து வழங்கிய குடும்பங்கள் இல்லாதிருந்தால் அக்காப்பியத்தின் உட்பொருள் மூடியே கிடந்திருக்கும். எண்ணிக்கையில் சிறிய ஒரு சமுதாயம் அரசாதரவு குன்றிய நூற்றாண்டுகளிலும் தன்னை இழக்காமல் நின்றதற்குக் கோயில்களும் மடமும் காரணமாயின. மாலைப்பொழுதில் தாயும் பாட்டியும் சொன்ன சொற்களும் அவற்றுக்கு இணையான காரணமாயின.

இன்று வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளிலிருந்து குடும்பங்கள் கல்விக்கும் தொழிலுக்குமாக நகரங்களில் குடியேறியுள்ளன. கிரந்த எழுத்தைப் படிப்போர் அருகிவிட்டனர். ஸ்ரீபுராணம் பேழைக்குள் இருக்கிறது. நிசீதிகை, சாவகர், பவ்யஜீவன் ஆகிய சொற்களின் பொருளைப் பேரக் குழந்தை கேட்டால் விடை கூறும் பெரியோர் இன்னும் பல இல்லங்களில் உள்ளனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது இத்தலைமுறையின் கடமை. சுருத பஞ்சமியன்று ஏட்டுக்கு மலர் தூவிய பின், அதிலிருந்து ஒரு பகுதியை வீட்டார் அனைவரும் கேட்கும்படி உரக்கப் படித்துப் பொருளும் சொல்வோமாயின், கும்பகோணத்து இல்லத்தில் அன்று நிகழ்ந்தது நம் இல்லங்களிலும் தொடரும்.