ராஜாவுக்கும் திறவாத கதவு

எங்கள் ஊருக்குக் கொட்டாரம் என்று பெயர். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, சுசீந்திரம் தாண்டியதும் கண்ணயர்ந்தீர்களானால் ஊர் பின்னால் போய்விடும். கொட்டாரம் என்றால் அரண்மனை. களஞ்சியம் என்றும் ஒரு பொருள் உண்டு. இரண்டுக்கும் பொதுவாக வேண்டிய சாமான் ஒன்றுதான், பூட்டு. ஆகையால் பூட்டைப் பற்றி எழுத எனக்கு ஏதோ கொஞ்சம் ஊர்ப் பாத்தியதை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்புப் பாத்தியதை கிடையாது. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டுக் கதை எழுத வந்தவன் நான்.

நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு வாசகசாலை நடத்தி வருகிறோம். வில்லுப்பாட்டுப் புலவர்கள் கைப்பட எழுதி வைத்திருந்த பழைய நோட்டுப் புத்தகங்களைத் தேடிப் பிடித்து, ஏடு ஏடாகப் படமெடுத்து, வாசகசாலையின் லினக்ஸ் கம்ப்யூட்டரில் எல்லாரும் பார்க்கும்படி வைத்தோம். முதல் நாளே தகராறு. படங்கள் இருந்தன, உரிமையெல்லாம் திறந்து விட்டாயிற்று, ஆனாலும் பக்கம் திறக்கவில்லை. டெலிபோனில் யோசனை கேட்டேன். "அதில் எஸ்.ஈ.லினக்ஸ் என்று ஒன்று இருக்கும். அதுதான் தொந்தரவு. அதை அணைத்துவிடுங்கள்" என்றார் ஒருவர். அணைத்தேன். பக்கம் உடனே திறந்தது. அவர் பெரிய மேதாவி என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலைப் பொழுதில், படங்கள் இருந்த இடத்தில் ஏதோ சூதாட்ட விளம்பரம் மின்னிக் கொண்டிருந்தது. வாசகர்கள் படம் அனுப்புவதற்காக வைத்திருந்த சிறு வாசல் வழியாக யாரோ புகுந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருந்தார்கள். மறுபடி படமெடுக்கலாம் என்று புலவர் ஒருவரின் வீட்டுக்குப் போனேன். அவர் போன மாதம் காலமாகியிருந்தார். அவருடைய நோட்டுகளில் ஒன்றுதான் மிச்சம். மற்றவற்றைக் கரையான் தின்றுவிட்டது என்று அவர் மகள் சொன்னாள்.

நான் அணைத்தது என்ன என்று அதற்குப் பிறகுதான் விசாரிக்கலானேன்.

கம்ப்யூட்டரில் நம் கண்ணில் படாமல் இரவு பகலாகக் காத்திருந்து ஊழியம் செய்யும் நிரல்கள் சில உண்டு. கேட்டவருக்குப் பக்கத்தை எடுத்துக் கொடுப்பது ஒன்று. தபால் வாங்கி அனுப்புவது ஒன்று. இவற்றுக்கு டீமன் என்று பெயர். 1963-ஆம் வருஷ வாக்கில் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் வேலை செய்தவர்கள் வைத்த பெயர் அது. மாக்ஸ்வெல் என்ற விஞ்ஞானி 1867-இல் கற்பனை செய்த ஒரு பூதம், சின்னக் கதவுக்குப் பக்கத்தில் நின்று அணுத்துகள்களைப் பிரித்துப் பிரித்து அனுப்புமாம். அதை நினைத்து வைத்தார்களாம். நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோயிலையும் குளத்தையும் காக்கிற பூதத்தான் நமக்குச் சிறு வயது முதலே பழக்கம்.

பூதத்துக்கு வேலை கொடுத்தவர்கள் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுத்ததில்தான் கோளாறு. 1969-இல் பெல் ஆராய்ச்சிச் சாலையில் பிறந்த யூனிக்ஸிலும், அதன் வழிவந்த லினக்ஸிலும் வழக்கம் இதுதான்: கோப்பு யாருடையதோ, அவர் இஷ்டப்பட்டவருக்கு அனுமதி கொடுக்கலாம். எல்லாருக்கும் மேலே 'ரூட்' என்று ஒரு ராஜா. அவருக்கு எந்தக் கதவும் கிடையாது. பல டீமன்கள் அந்த ராஜாவின் முத்திரை மோதிரத்தைப் போட்டுக்கொண்டு உலாவின. டீமனை ஒருவன் ஏமாற்றி வசப்படுத்திவிட்டால் மோதிரமும் அவன் கைக்கு வந்துவிடும்.

இந்த ஆபத்தை முதலில் உணர்ந்தது பட்டாளத்தார். ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் 1972-இல் அமெரிக்க விமானப் படைக்கு ஓர் அறிக்கை எழுதினார். ஒவ்வொரு கோரிக்கையையும் இடைமறித்துச் சோதிக்கும் ஒரு காவலன் வேண்டும். அவனை யாரும் சுற்றிக்கொண்டு போகக்கூடாது என்பது அதன் சாரம். அடுத்த வருஷம் பெல், லபாடுலா என்ற இருவர் கணித முறையில் விதி வகுத்தார்கள். கீழ்ப்படியில் உள்ளவன் மேற்படி ரகசியத்தைப் படிக்கக்கூடாது. மேற்படியில் உள்ளவன் கீழே எழுதி வைக்கவும் கூடாது. உடைமைக்காரனின் இஷ்டத்துக்கு இதில் இடமே இல்லை. விதி விதிதான். 1983-இல் அமெரிக்கப் பாதுகாப்பு இலாகா இவற்றையெல்லாம் ஒரு புத்தகமாகவே போட்டது. அட்டை ஆரஞ்சு நிறம் என்பதால் ஆரஞ்சுப் புத்தகம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பட்டாளத்துப் படிக்கட்டு முறை வாசகசாலைக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். 1985-இல் போபர்ட், கெயின் என்ற இருவர் வேறு விதமாக யோசித்தார்கள். அந்தஸ்தைப் பார்க்காதே, வேலையைப் பார் என்றார்கள். சமையற்காரன் அடுக்களைக்குள் போகலாம், பெட்டகத்தைத் தொடக்கூடாது. அவன் நல்லவனா கெட்டவனா என்ற ஆராய்ச்சி வேண்டாம். இத்தனை பேரின் கணிதத்திலும் என் மனசுக்கு ஒட்டியது இந்த ஒரு யோசனைதான்.

1988 நவம்பர் 2-ஆம் தேதி நடந்த சம்பவத்தை நாவலில் எழுதினால் வாசகர்கள் நம்பமாட்டார்கள். கார்னெல் சர்வகலாசாலை மாணவன் ராபர்ட் மாரிஸ் ஒரு புழுவை இன்டர்நெட்டில் விட்டான். இன்னார் இணைப்பில் இருக்கிறாரா என்று கேட்டால் பதில் சொல்லும் ஒரு சாதுவான டீமனுக்கு, 512 எழுத்துக் கொள்ளும் பாத்திரத்தில் அதற்கு மேல் ஊற்றினால் தலை சுற்றிவிடும். புழு புகுந்த வழிகளில் அது ஒன்று. தபால் டீமன் இன்னொன்று. ஏறக்குறைய 6,000 யந்திரங்கள் திணறின என்று மதிப்பிட்டார்கள். கோர்ட்டில் அவனுக்குக் கிடைத்தது மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூக சேவையும், 10,050 டாலர் அபராதமும். இதில் வேடிக்கை என்னவென்றால், பையனின் தகப்பனார் அப்போது அமெரிக்க தேசியப் பாதுகாப்பு ஸ்தாபனத்தின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானி. ஆரஞ்சுப் புத்தகத்தைக் கொண்டுவந்த மையமே அதுதான்! அந்தத் தகப்பனாரின் அன்றைய ராத்திரியை நினைத்தால் எனக்கு ஒரு சிறுகதை தோன்றுகிறது. எழுதத்தான் தைரியம் வரவில்லை.

அதே பாதுகாப்பு ஸ்தாபனத்தார், வெறும் வேலிகளைக் கட்டிப் பயனில்லை, இயங்குதளத்துக்கு உள்ளேயே காவலன் வேண்டும் என்று 1998-இல் வாதித்தார்கள். 2000 டிசம்பரில் எஸ்.ஈ.லினக்ஸ் என்ற பூட்டைச் செய்து, உள்ளே இருக்கும் பல்சக்கரம் உட்பட உலகத்துக்கே இனாமாகக் கொடுத்தார்கள். ஊரார் பேச்சையெல்லாம் ஒட்டுக் கேட்கிறார்கள் என்று 2013-இல் ஸ்னோடன் அம்பலப்படுத்தியதும் இவர்களைத்தான். திருடன் செய்த பூட்டா என்று சந்தேகிப்பது நியாயமே. ஆனால் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க இருபது வருஷத்துக்கு மேலாக யாருக்கும் தடையில்லை.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2001-இல் அதை அப்படியே ஏற்கவில்லை. ஒரே பூட்டைத்தான் மாட்ட வேண்டுமா, எந்தப் பூட்டையும் மாட்டும்படி நாதாங்கி வையுங்கள் என்றார். வைத்தார்கள். 2003-இல் எஸ்.ஈ.லினக்ஸ் மூலக் கருவில் சேர்ந்தது. ஆப்ஆர்மர் என்ற இன்னொரு பூட்டு அதே நாதாங்கியில் 2010-இல் வந்து மாட்டிக்கொண்டது. 2004-இல் ஃபெடோரா கோஷ்டியார் எல்லா நிரல்களையும் கட்டிப் போட்டுப் பார்த்துச் சிரமப்பட்டு, கடைசியில் குறிப்பிட்ட சில டீமன்களை மட்டும் கட்டுவது என்ற சமரசத்துக்கு வந்தார்கள். 2014-இல் வெளிவந்த ஐந்தாம் ஆண்ட்ராய்டு முதல், உங்கள் கைப்பை டெலிபோனுக்குள்ளும் இந்தக் காவலன் முழு அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறான். அவனை அணைக்க உங்களுக்கு வழி வைக்கவில்லை. நல்லதாயிற்று.

ராஜாவைக் கட்டுகிற விதி நம் பக்கத்துக்குப் புதிதல்ல. நாஞ்சில் நாடு 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. பத்மநாப சுவாமி கோயிலை நிர்வகித்த சபைக்கு எட்டரை யோகம் என்று பெயர். எட்டு அங்கத்தினருக்கு ஆளுக்கு ஒரு வாக்கு, ராஜாவுக்கு அரை வாக்கு என்பார்கள். மார்த்தாண்டவர்மா மகாராஜாவுக்கு அந்த அரை வாக்கு போதவில்லை. சபையின் செல்வாக்கை ஒடுக்கினார். பிறகு 1750-இல் ராஜ்யத்தையே பத்மநாபனுக்கு எழுதி வைத்து, தாம் தாசன் என்று சொல்லிக்கொண்டு ஆண்டார். பூட்டை உடைத்தவரும் அவரே, தமக்குத் தாமே வேறு பூட்டைப் போட்டுக்கொண்டவரும் அவரே. டெலிபோன் யோசனையைக் கேட்டு நான் அணைத்தபோது செய்தது முதல் பாதியை மட்டும்.

இரண்டாம் பாதியைச் செய்ய என் மருமகன் வந்தான். தங்கை மகன், கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவன். எல்லாவற்றையும் புதிதாக நிறுவி, காவலனை உட்கார வைத்தான். படங்களை என் சொந்த அறையில் வைத்தேன். மறுபடியும் திறக்கவில்லை.

"நான்தானே சொந்தக்காரன்? எல்லாருக்கும் அனுமதி கொடுத்தாச்சே!"

"நீங்க கொடுத்தா போதாது மாமா. ரூட்டா வந்து நின்னாலும் அந்த டீமனுக்கு உங்க அறை கிடையாது. ஒவ்வொண்ணுக்கும் நெத்தியிலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கு. பக்கம் கொடுக்குற டீமன் சீட்டும், உங்க அறைச் சீட்டும் சேராது. படத்தை அதுக்குள்ள எடத்துல வச்சுச் சீட்டை மாத்தி ஒட்டினாப் போதும்லா, எதுக்குக் காவலனையே கொல்லணும்?"

ஒட்டினான், திறந்தது. டெலிபோன் மேதாவி சொல்லியிருக்க வேண்டியது அந்த ஒரு வரிதான். நோட்டுப் படங்களுக்குப் படிக்க மட்டும் சீட்டு. வாசகர்கள் அனுப்பும் படத்துக்கு எழுதவும் சீட்டு, ஆனால் தனி அறையில். முன்பே இப்படி இருந்திருந்தால், புகுந்தவன் அந்தச் சிறு அறையை அசுத்தம் செய்திருப்பான். ஏடுகளைத் தொட்டிருக்க முடியாது.

பிறகு ஒரு வாரம் காவலனின் குறிப்புப் புத்தகத்தை வாசிக்க வைத்தான். யார் எதைத் தொடப் போனான், ஏன் மறுத்தேன் என்று காவலன் வரி வரியாக எழுதி வைக்கிறான். அந்த மறுப்புகளையெல்லாம் படித்து, அனுமதி விதியாக மாற்றித் தருவதற்கும் ஒரு கருவி உண்டாம். "அதை அப்படியே நம்பினா வெனைதான் மாமா. கள்ளன் வந்துபோன தடத்துக்கும் அது ரோடு போட்டுக் குடுக்கும்" என்று சொல்லி ஒவ்வொரு வரியாகப் படித்தான். மூன்று மறுப்புகள் இருந்தன. ஒன்று, சிறு படம் தயாரிக்கும் நிரல் தனக்கு இடம் கேட்டது, கொடுத்தோம். இன்னொன்று சீட்டு மாறி ஒட்டிய தவறு, திருத்தினோம். மூன்றாவது, பக்கம் கொடுக்கும் டீமன் தினம் அர்த்த ராத்திரியில் எங்கோ தபால் அனுப்ப எழுந்து, எழுந்து, மறுக்கப்பட்டு உட்கார்ந்திருந்தது. நாங்கள் யாருக்கும் தபால் எழுதுவதில்லை. தேடினோம். பழைய கம்ப்யூட்டரிலிருந்து நானே ஆசையாகப் பிரதி எடுத்து வந்த அடைசல்களுக்குள், பழைய திருடன் வைத்துவிட்டுப் போன கோப்பு ஒன்று ஒளிந்திருந்தது.

அதை அழித்துவிட்டு, அந்த ஒரு மறுப்புக்கு மட்டும் விதி எழுதாமல் விட்டான் மருமகன்.

மறுநாள் புலவரின் மகள், மிச்சமிருந்த அந்த ஒரு நோட்டை முந்தானையில் சுற்றி எடுத்து வந்தாள். அறுபத்திரண்டு ஏடு. சாயங்காலத்துக்குள் படமெடுத்து முடித்தோம். தன் டெலிபோனில் அப்பாவின் கையெழுத்தைத் திறந்து பார்த்தாள். விரலால் பெரிதாக்கினாள். "இதை யாராவது மறுபடி அழிச்சுட்டா?" என்று கேட்டாள். மருமகன் என்னைப் பார்த்தான். நான் நோட்டை மறுபடி துணியில் சுற்றிக் கட்ட ஆரம்பித்தேன்.